பெட்டியின் வாய்க்குக் கட்டிய துணி

அன்றைக்கு எங்கள் களத்தில் இருந்தவர்கள் இவர்கள். நான் இருந்தேன். என் வீட்டுக்காரர் இருந்தார், கயிற்றுக் கட்டிலில். கொழுந்தனார் இருந்தார். அவர் மனைவி, என் ஓரகத்தி, இருந்தாள். ஓடைக்கு அந்தப் பக்கத்து அக்கா ஒருத்தி இருந்தாள். அவளை ஓடையக்கா என்போம். ஊரில் பட்டுப்புழு வளர்க்கும் மற்ற எட்டு வீட்டிலிருந்தும் ஆளுக்கொருவர் வந்திருந்தார்கள். கடைசியாகக் கம்பெனிக்காரர் இருந்தார். பைக்கின் பின்னால் ஒரு அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அந்தப் பெட்டியிலிருந்து அவர் வெள்ளையாக ஒன்றை எடுத்தார். சோப்பு டப்பா அளவு. புழு வளர்க்கும் ஷெட்டுக்குள் மாட்டிவிட்டால் உள்ளே எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று நம் போனிலேயே தெரியும் என்றார். புழுவுக்கு இந்த இரண்டும்தான் உயிர். கூடினாலும் போச்சு, குறைந்தாலும் போச்சு. அதனால் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தோம்.

“சும்மாவா குடுக்கறீங்க?” என்றாள் ஓடையக்கா.

“சும்மாத்தாங்க. ஃப்ரீ.”

“அப்புறம் உங்களுக்கு என்னா லாபம்?” இது என் ஓரகத்தி.

“ஒண்ணும் இல்லீங்க மேடம். டேட்டா மட்டும் எங்களுக்கு வரும்.”

“எங்க வூட்டுக்காரரு காலையிலயே டேட்டாவத் தீத்துப்புட்டு என் போனைப் புடுங்கறாரு. உங்களுக்கு எங்கிருந்து குடுக்கறது?” என்றாள் ஓடையக்கா.

எல்லோரும் சிரித்தோம். கம்பெனிக்காரரும் சிரித்தார். சிரித்ததில் கேள்வி போய்விட்டது.

ஓரகத்தி மட்டும் விடவில்லை. “எத்தனை முட்டை எறக்கறோம், எப்ப நோவு வருது, எப்பக் கூடு கட்டுது, எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சு போவும். அதானுங்களே டேட்டா?”

“அது சர்வீஸுக்குத்தாங்க மேடம்.”

அவள் தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்து சுற்றிக் காட்டினாள். உள்ளே ஒரு பச்சைத் தகடு. நாலு ஒயர். டப்பாவில் போட்ட ஓட்டை வழியாக, சூட்டையும் ஈரத்தையும் அளக்கும், பல்லுப்பல்லாய்த் துளை வைத்த வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் டிப்ளமோ படித்தவள். ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் மூன்று வருஷம் வேலை செய்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டாள். கையை விடவில்லை.

“இதுவும் அதே வேலைதான் செய்யும்” என்றாள். “இதுக்கு ஓடற ப்ரோகிராமை யாரோ எங்கியோ எழுதி, எல்லாரும் எடுத்துக்குங்கன்னு போட்டு வச்சிருக்காங்க. நான் எடுத்து நம்ம ஷெட்டுக்குத் தக்க மாத்தியிருக்கேன். வேணுங்கறவங்களுக்குச் செஞ்சு தரேன், இல்ல செய்யச் சொல்லித் தரேன். நெட்டு வேண்டியதில்ல. உங்க ஷெட்டு சமாச்சாரம் உங்க ஷெட்டுலயே கெடக்கும். ஒண்ணே ஒண்ணு, நீங்க எதுனா மாத்தி நல்லா வந்துச்சுன்னா, அதையும் எல்லாரும் பாக்கற மாதிரி போட்டுரணும். ஒளிக்கக் கூடாது.”

“ஒளிச்சா யாரு கேப்பாங்க?” என்றேன் நான்.

“கேக்க ஆளு இல்லக்கா. ஆனா போட்டுருவாங்க.”

என் வீட்டுக்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். “அட, இந்த வூட்ல ஒருத்திக்கு மூளை இருக்குது பாரு” என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். அந்த வீட்டில் நான் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன்.

நான் கையை நீட்டிக் கம்பெனியின் வெள்ளைப் பெட்டியை வாங்கிக்கொண்டேன். “எனக்கு இதுங்க” என்றேன். அவர் என் போனை வாங்கி எதையோ ஏற்றினார், ஒப்பந்தம் என்று எழுத்தாக வந்தது. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. “கீழ பச்சையா இருக்குது பாருங்கக்கா, அதை அமுக்குங்க” என்றார். அமுக்கினேன். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவள். ஐந்தாவதோடு நின்றவள். ஆனால் படித்தவர்களும் அதைப் படிப்பதில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த ஒன்றில் எல்லோரும் என் மாதிரிதான்.

பதினொரு பேரில் கம்பெனிப் பெட்டி வாங்கியவள் நான் ஒருத்தி. மற்றவர்கள் டிபன் டப்பாவுக்குப் போனார்கள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கம்பெனிப் பெட்டி பார்க்க லட்சணமாக இருந்தது என்று சொல்லியிருப்பேன்.

எங்கள் ஊர் ஏரியூர் போகும் வழியில், ரோட்டை விட்டு உள்ளே இருக்கிறது. முதலில் இங்கே புழு இறக்கி வளர்த்தவள் நான். அப்போது சிரித்தார்கள். கூடு நல்லபடி வந்ததும் ஒவ்வொருவராக வந்தார்கள். மல்பெரி நட எல்லோருக்கும் குச்சி வெட்டிக் கொடுத்தது நான். ஓரகத்தி தன் பங்கு நிலத்தில் நட்டதும் என் தோட்டத்துக் குச்சி. எங்கள் இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரு வரப்பு. வரப்புக்கு இந்தப் பக்கம் என் ஷெட்டு, அந்தப் பக்கம் அவள் ஷெட்டு.

எனக்கு மூக்கு உண்டு. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, இருக்கிறது. ஷெட்டு வாசலில் நின்றால் உள்ளே ஈரம் கூடவா குறையவா என்று தெரியும். புழுவுக்கு நோவு வருவதற்கு ஒரு நாள் முன்னால் ஒரு வாடை வரும். அது மற்றவர்களுக்கு வராது. அதனால் ஊரில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம் வருவார்கள். வரப்பில் நின்று கூப்பிடுவார்கள். நான் போய் வாசலில் நின்று மோந்து பார்த்துச் சொல்வேன். தினம் இரண்டு தடவை நோட்டிலும் எழுதி வைப்பேன். சூடு இவ்வளவு, ஈரம் இவ்வளவு, என்ன செய்தேன். எழுதும் பழக்கம் எனக்கு அப்படி வந்ததுதான்.

டிபன் டப்பா வந்த பிறகு கூப்பிடுவது குறைந்தது. பிறகு நின்றது. இப்போது ஆள் நின்றது ஓரகத்தியின் வரப்பில். அவள் மணைக்கட்டையில் உட்கார்ந்து ஒயருக்கு ஈயம் வைப்பாள், நாலு பொம்பளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். சிரிப்புச் சத்தம் இங்கே கேட்கும். நான் இலை அறுத்துக்கொண்டிருப்பேன். அறுக்க வேண்டியதைவிட அதிகமாக அறுத்துவிட்டேன் என்று கட்டும்போது தெரியும்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புழு இறங்கிவிட்டால் ஒருவர் ஷெட்டில் ஒருவர் கால் வைக்க மாட்டோம். ஒரு ஷெட்டின் நோவு காலோடு இன்னொரு ஷெட்டுக்கு வந்துவிடும். சொந்த ஷெட்டுக்கே பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் போவோம். வாயிலும் அதே கட்டுப்பாடுதான். எத்தனை புழு, எப்படி வளருது என்று கேட்க மாட்டோம். “இருக்குதா?” என்போம். “இருக்குது” என்பார்கள். அவ்வளவு. கண்ணு பட்டுவிடும் என்பார்கள் சிலர். எனக்கு அந்த நம்பிக்கை பாதி. ஆனால் வழக்கம் முழுசு.

கம்பெனிப் பெட்டியை மாட்டிய மறு வாரம் போன் வந்தது.

“அக்கா, நேத்து மத்தியானம் உங்க ஷெட்டுல சூடு முப்பத்தொண்ணு போயிருக்குதே. ஜன்னல் தெறக்கலீங்களா?”

வாசலைப் பார்த்தேன். பிளீச்சிங் தண்ணீர் தொட்டி அப்படியே இருந்தது. யாரும் காலை நனைக்கவில்லை, ஆனால் ஒருவர் உள்ளே நிற்கிறார்.

“தெறந்துட்டங்க” என்றேன்.

“பரவால்லீங்க. உங்களுது எவ்வளவோ தேவலாம். ஏரியூர்ப் பக்கம் ஒரு அம்மா ஷெட்டு இருக்குது. ஈரம் அப்படியே அடிக்குது. இந்தத் தடவை அவங்களுக்குத் தேறாது.”

அது யார் என்று எனக்குத் தெரியும். தர்மபுரிப் பட்டுக்கூடு மார்க்கெட்டில் என் கூட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியவள். கேட்க எனக்கு இனிப்பாக இருந்தது. இன்னும் இரண்டு கேள்வி கேட்டேன். அவரும் சொன்னார்.

சாயங்காலம் இலை அறுக்கும்போதுதான் புத்தி வந்தது. அவள் ஷெட்டு சமாச்சாரம் என்னிடம் வந்ததென்றால் என் ஷெட்டு சமாச்சாரம் எவளிடமோ போயிருக்கும். அவளும் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பாள்.

அதன் பிறகு போன் நிற்கவில்லை. புழு தோல் உரிக்கப் போகிற நாளைக்கு முந்தின நாள் யார் யாரோ கூப்பிடுவார்கள். “மேடம், நாளைக்குத் தோலு உரிக்குதில்ல, பவுடர் வேணுங்களா?” என் புழு தோல் உரிப்பது என் வீட்டுக்காரருக்கே தெரியாது. கம்பெனிகளைப் பற்றி எனக்குப் பெரிய ஞானம் இல்லை. நம் வீட்டுக்கு வருகிற ஆள் வாசலில் நின்று கூப்பிட வேண்டும். இவர்கள் கூப்பிடுவதில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

இதை ஓரகத்தியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், அன்றைக்குக் களத்தில் அவள் கேட்டது சரி என்று ஆகிவிடும். சொல்லவில்லை.

இன்னொன்றும் நடந்தது. ஒருநாள் ஓடையக்கா தன் போனை என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். டிபன் டப்பா ப்ரோகிராமை ஓரகத்தி எல்லோரும் எடுக்கும்படி போட்டிருக்கிற பக்கம். மேலே எல்லாம் இங்கிலீஷ். கீழே தமிழில் நாலு வரி. எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதல் தோலுக்கு இவ்வளவு சூடு, இரண்டாம் தோலுக்கு இவ்வளவு ஈரம் என்று வரிசையாக இருந்தது. அடியில், ‘இந்த அளவுகள் எங்கள் பெரியக்கா சொன்னவை. இருபது வருட அனுபவம்.’

சொன்னது நான்தான். இலை பறிக்கும்போது அவள் கேட்டாள், நான் சொன்னேன். பேச்சோடு பேச்சாகப் போனது. அதை இப்படி உலகத்துக்கு விரித்து வைப்பாள் என்று யார் கண்டது?

“உன் அளவைத்தான் ஊரே போட்டு வச்சிருக்குது” என்றாள் ஓடையக்கா. “இனி உன்னைத் தேடிக்கிட்டு எதுக்கு வரணும்? நீதான் பொட்டிக்குள்ள குந்திக்கிட்டிருக்கியே.”

அவள் மனசில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

கம்பெனி என்னிடம் எடுத்தது எனக்குத் தெரியாமல் எடுத்தது. இவள் எடுத்ததை எடுத்தேன் என்று எழுதி வைத்திருந்தாள். என்னை அக்கா என்றும் எழுதியிருந்தாள். கோபப்படக்கூட வழி விடவில்லை. எடுத்தது எடுத்ததுதான் என்று அப்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். இரண்டும் ஒன்று என்றும் சொல்ல மாட்டேன்.

புரட்டாசியில் இறக்கிய புழு மூன்றாம் தோலுக்கு வந்தது. தோல் உரிக்கும்போது புழு தின்னாது, அசையாது, தலையைத் தூக்கிக்கொண்டு அப்படியே கிடக்கும். அப்போது படுக்கை காய்ந்திருக்க வேண்டும். அதற்காகச் சுண்ணாம்புத் தூள் தூவுவோம். என் ஷெட்டு கிணற்றை ஒட்டியது, எப்போதும் ஈரம். அதனால் மற்றவர்களைவிட நான் தாராளமாகத் தூவுவேன்.

தூவின மறுநாள் போனில் ஈரம் நாற்பத்தைந்து என்று காட்டியது. என் ஷெட்டு அவ்வளவு காயாது. வாசலில் நின்றேன். மூக்கு ஈரம் என்றது. உள்ளே பட்டு இலாகாவில் கொடுத்த பழைய கண்ணாடி மீட்டர் ஒன்று ஆணியில் தொங்குகிறது. அதைப் பார்த்தேன். அதுவும் ஈரம் என்றது. கம்பெனிப் பெட்டி மட்டும் காய்ந்திருக்கிறது என்றது.

கம்பெனி நம்பருக்குப் போன் போட்டேன். தமிழுக்கு ஒன்றை அமுக்கு என்றது. அமுக்கினேன். பிறகு பாட்டு. கடைசியில் ஒரு பெண் வந்தாள். அப்டேட் வரும் என்றாள். பெட்டியைத் திறந்து பார்க்கட்டுமா என்றேன். திறந்தால் கேரண்டி போய்விடும் என்றாள். ஸ்க்ரூவும் நம்மிடம் இருக்கிற எந்த ஸ்க்ரூடிரைவருக்கும் சிக்காத மாதிரி போட்டிருந்தார்கள்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். பெட்டியின் ஓரத்தில் ஒரு சந்து. சந்துக்குள்ளே அதே பல்லுப்பல்லாய்த் துளை வைத்த வெள்ளைத் துண்டு. ஓரகத்தியின் டப்பாவில் இருந்த அதே துண்டு. துளை முழுக்கச் சுண்ணாம்பு.

புரிந்துவிட்டது. சுண்ணாம்பு ஈரத்தைக் குடித்துவிடும், பெட்டிக்கு மிச்சம் வைக்காது. வாயில் சுண்ணாம்பு அடைத்துக்கொண்டு அது என்ன ருசி சொல்லும்? கோழி இறகால் தட்டிச் சுத்தம் செய்தேன். மோர் வடிகட்டும் மல் துணியில் ஒரு துண்டு கிழித்து, ஒரு மடிப்பு மடித்து, பெட்டியின் வாய்க்கு நூலால் கட்டினேன். காற்று போகும், தூள் போகாது. ஒரு மணி நேரத்தில் போனும் கண்ணாடி மீட்டரும் ஒன்றையே காட்டின. நோட்டில் எழுதினேன்: ‘சுண்ணாம்பு அடைப்பு. துணி கட்டினேன். சரி.’ மேலே தேதி போட்டேன்.

அந்த வாரமே கம்பெனிக்காரர் வந்தார். வாசலில் நிற்க வைத்துப் பெட்டியைக் கழற்றி வந்து காட்டினேன். “அய்யோ, இதெல்லாம் கட்டக் கூடாதுங்கக்கா” என்றார். பிறகு அந்தத் துணியை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

மறுநாள் இலை பறிக்கும்போது வரப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓரகத்தி கேட்டாள்.

“அக்கா, உங்க பொட்டி எப்படி, நல்லா வேலை செய்யுதுங்களா?”

வாய் வரைக்கும் வந்தது. ஒரே வார்த்தை. துணி கட்டு என்றால் போதும்.

“இருக்குது” என்றேன்.

அந்தத் தடவை அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல வெயில், கொஞ்சமாகத்தான் தூவினார்கள். ஐப்பசி வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். மழை வந்தால் எல்லோரும் சுண்ணாம்பை அள்ளித் தூவுவார்கள் என்றும் தெரியும். பத்து டப்பாவிலும் அதே வெள்ளைத் துண்டு என்றும் தெரியும். அவள் செய்ததில் ஒரு குறை எனக்கு மட்டும் தெரியும் என்பது, சொல்ல வெட்கம்தான், மடியில் வெல்லம் முடிந்து வைத்திருப்பது மாதிரி இருந்தது. அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

ஐப்பசியில் பதினொரு ஷெட்டிலும் ஒரே நாளில் புழு இறங்கியது. ஓரகத்தி தன் டப்பாவோடு ஒரு மோட்டாரைச் சேர்த்திருந்தாள். ஈரம் குறைந்தால் தானாக ஓடித் தண்ணீரைப் புகை மாதிரி பீய்ச்சும். அதைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். என் வீட்டுக்காரரும் போய் வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்து, “ஆளே வேணாம் போலிருக்குது” என்றார்.

மூன்றாம் தோல் வந்தது. மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் சுண்ணாம்பு தூவினார்கள்.

அன்று மத்தியானம் தூறலில் நின்று இலை அறுத்துக்கொண்டிருந்தேன். வரப்புக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. ஐப்பசித் தூறலில், ஈரத்துக்குத் தண்ணீர் அடிக்கும் மோட்டார். கையில் அரிவாளோடு நின்று கேட்டேன். நிற்கும், மறுபடி ஓடும். நிற்கும், ஓடும்.

நான் இலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் ஓடையக்கா என் வரப்புக்கு வந்தாள். “பொட்டி காயுதுங்குது. சாக்கு நனைச்சுத் தொங்க விட்டிருக்கேன். புழுவு என்னமோ ஊதறாப்ல கெடக்குது. உன் மூக்கைக் கொண்டாந்து வையி ஆத்தா.”

“மூக்கு பொட்டிக்குள்ள இருக்குதுன்னியே” என்றேன்.

“வாய்தான் எனக்கு, தெரியாதா உனக்கு? வாடி.”

போனேன். வாசலில் நின்றேன். “சாக்கை எடுத்துரு. ஜன்னலைத் தெற. தண்ணி தெளிக்காத. பொட்டியைப் பாக்காத” என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. அன்றும் மறுநாளும் இன்னும் ஆறு பேர் கூப்பிட்டார்கள். எல்லோரிடமும் அதையே சொன்னேன். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சாயங்காலத்துக்குள் அவள் காதுக்குப் போய்விடும். ரொம்ப நாளைக்குப் பிறகு என் வரப்பில் ஆள் நின்றது. எனக்கு வேண்டியது கிடைத்தது. வீட்டுக்காரர்கூட, “உன் மார்க்கெட்டு திரும்பிருச்சு போல” என்றார். மூன்று நாள் நான் நன்றாகச் சாப்பிட்டேன். மூன்று நாளும் மோட்டார் ஓடியது.

நாலாம் நாள் காலையில் ஓரகத்தி வரப்பில் வந்து நின்றாள். தாண்டவில்லை. வழக்கம் அவளுக்கும் தெரியும். முடி வாரவில்லை. உள்ளங்கையில் ஒரு மல்பெரி இலை, இலையில் ஒரு புழு. புழு ஊதி, தோல் பளபளத்து, அடியில் பால் மாதிரி வழிந்திருந்தது.

“அக்கா, இது பால் நோவுதானே?”

“ஆமா.”

“எத்தனை இருக்குதுன்னு எண்ண முடியலக்கா. பொட்டி நாப்பத்தி மூணு காட்டுது. ராவெல்லாம் மோட்டாரு ஓடுது. காஞ்சு போயிருக்குதே, ஈரத்துல வர்ற பால் நோவு எப்படிக்கா வரும்? நான் எங்க தப்புப் பண்ணேன்னு தெரியல.” பிறகு மெதுவாகக் கேட்டாள். “உங்க மூக்கு என்னா சொல்லுது?”

பெட்டியைச் செய்தவள், பெட்டி பொய் சொல்லும் என்று நினைக்கவில்லை. தான் தப்புச் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. இவ்வளவு நாள் அவள் சிரிப்பதையும் என்னால் சகிக்க முடியவில்லை.

“மோட்டாரை நிறுத்து” என்றேன்.

“அக்கா?”

“பொட்டி வாயில சுண்ணாம்பு அடைச்சிருக்குது. அது சொல்றது பொய். போய் நிறுத்து மொதல்ல.”

அவள் ஓடினாள். நான் என் ஷெட்டுக்குப் போய், மோர்த் துணியில் இன்னொரு துண்டு கிழித்து எடுத்துக்கொண்டு வரப்பைத் தாண்டினேன். அவள் ஷெட்டு வாசலில் பிளீச்சிங் தண்ணீரில் காலை நனைத்தேன். புழு இருக்கும்போது அவள் ஷெட்டுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் கத்தினார். “பைத்தியமா புடிச்சிருக்குது? நோவு ஷெட்டுக்குள்ள போயிட்டு வந்து நம்ம புழுவத் தொடுவியா?”

“நான் தொடல. இனிக் கூடு கட்டற வரைக்கும் நீங்களே தீனி போடுங்க” என்றேன்.

அப்படித்தான் ஆனது. என் புழுவை அவர் பார்த்தார். நான் அவள் ஷெட்டில் நின்றேன். நோவுப் புழுவைப் பொறுக்கிப் பொறுக்கிக் குழியில் போட்டு மூடினோம். ஆறு அடுக்கில் மூன்றரை அடுக்கு போயிற்று. மிச்சம் கூடு கட்டியது. மற்ற ஷெட்டுகளில் சேதம் கொஞ்சம்தான். அவர்கள் என் பேச்சைக் கேட்டு முன்னாலேயே சாக்கை எடுத்துவிட்டார்கள். இவள் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பொறுக்கிக்கொண்டிருந்த நாளில் அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நடுவில் ஒருநாள் மற்ற ஒன்பது வீட்டுக்கும் போன் போட்டு, டப்பா வாய்க்குத் துணி கட்டச் சொன்னாள். எல்லோரிடமும், “அக்கா கண்டுபுடிச்சாங்க” என்றே சொன்னாள். நான் குனிந்து புழு பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

கூடு எல்லாம் மார்க்கெட்டுக்குப் போன பிறகு என் போனுக்குக் கம்பெனியிலிருந்து ஒரு படம் வந்தது. புது மாடல் பெட்டி. வாயில் வெள்ளை வலை. ‘சுண்ணாம்புத் தூசியிலிருந்து பாதுகாப்பு, எங்கள் நிபுணர்களின் கண்டுபிடிப்பு’ என்று எழுதியிருந்தது. ஒரே மடிப்பு, நான் மடித்த மாதிரியே. ஓரகத்தியிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“இதுல யாருன்னும் இல்ல, எப்பன்னும் இல்லீங்களே” என்றாள். “இருங்க, நம்மளுத நாம போட்டுரலாம்.”

வரப்பில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். குறை கண்டால் எழுதி வைக்க அந்த ப்ரோகிராம் பக்கத்தில் ஒரு இடம் இருக்கிறதாம். என்ன குறை, என்ன செய்தால் சரியாகும் என்று எழுதினாள். கீ எதையும் பார்க்காமல் அவள் விரல் ஓடியது. அந்த விரலைப் பார்க்க அப்போதும் எனக்கு வயிறு எரியத்தான் செய்தது. அது போகவில்லை. இனியும் போகாது என்றுதான் நினைக்கிறேன்.

“கண்டவர்னு உங்களைப் போட்டுட்டேன்” என்றாள். “எப்பக்கா மொதல்ல பாத்தீங்க? தேதி கேக்குது. நோட்டுல குறிச்சிருப்பீங்களே.”

நோவு வந்த வாரத்துத் தேதி ஒன்றைச் சொல்வேன் என்று நினைத்து, விரலைக் கீ மேலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தேதியைச் சொல்லியிருக்கலாம். கேட்க ஆள் இல்லை.

ஷெட்டுக்குள் போய் நோட்டை எடுத்து வந்தேன். புரட்டாசிப் பக்கத்தைத் திருப்பி, வாயால் சொல்லாமல் அவள் கையில் கொடுத்தேன்.

அவள் படித்தாள். ‘சுண்ணாம்பு அடைப்பு. துணி கட்டினேன். சரி.’ மேலே இருந்த தேதியைப் பார்த்தாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினாள், அடுத்ததையும் திருப்பினாள். மறுபடி பழைய பக்கத்துக்கு வந்தாள். குழி மூடின இடத்தில் மண் இன்னும் மேடாக இருந்தது. அந்த மேட்டைப் பார்த்தாள்.

“இதை எங்க இருக்கறவங்களும் படிப்பாங்கக்கா” என்றாள். “போட்டா அழிக்க முடியாது.”

“போடு.”

“அக்கா…”

“ஒளிக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன. போடு.”

போட்டாள். லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்து இலை பறிக்கப் போனாள். நான் தனியாக உட்கார்ந்து எழுத்துக் கூட்டினேன். கண்டவர், பெரியக்கா. கண்ட நாள். சொன்ன நாள். இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று அதுவே எண்ணிப் போட்டிருந்தது.

முப்பத்தேழு.